குடைக்கு அந்தப் பக்கம்

அறுபதைத் தாண்டிய என் வயதுக்காரர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த வயதில் நாம் ஓர் இடத்துக்குப் போக வேண்டுமென்றால் எத்தனை பேருக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது? கல்யாணத்துக்கு என்றால் சரி. கோயிலுக்கு என்றால் ரொம்பச் சரி. முழங்கால் டாக்டரிடம் என்றால் காரே அனுப்பிவைப்பார்கள். சும்மா ஊர் பார்க்க, அதுவும் கடலோரமாக, அதுவும் நாமே காரை ஓட்டிக்கொண்டு என்றால் மட்டும் வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் நம் மீது திடீரென்று அக்கறை பொங்கிவிடுகிறது.

நாங்கள் மூன்று பேர். ஒரே பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஒருத்தி கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இன்னொருத்தி பேங்கில் இருந்தவள்; பழைய சின்னக் கார் ஒன்று வைத்திருக்கிறாள், அதைத் தானே ஓட்டுகிறாள். மூன்றாவது நான். தை மாதம் திருச்சியிலிருந்து கிளம்பி, நாகப்பட்டினத்தில் கடலைப் பிடித்து, அதை இடது பக்கத்திலேயே வைத்துக்கொண்டு கன்னியாகுமரி வரைக்கும் போவது என்று தில்லைநகரில் டீச்சர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து முடிவு செய்தோம். சிக்கனமாகப் போவது. டிரைவர் கிடையாது, ஏசி ரூம் கிடையாது, ஒரு வேளை ஓட்டல், மற்ற வேளைக்குக் கட்டுச்சாதம். ரூட் போடுவது என் பொறுப்பு.

பெங்களூரில் இருக்கும் என் மகன் கேட்டதும் பதறினான். "ஏம்மா இந்த வயசுல? கோவாவுக்கு ஃப்ளைட் டிக்கெட் போட்டுத் தரேன். ரிசார்ட்ல காலை நீட்டிண்டு கடலைப் பாரேன்." மருமகள் தன் பங்குக்கு, லிஃப்ட் உள்ள ஓட்டல்களின் பட்டியலை அனுப்பினாள். நான் ரூட்டை எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். முதல் நாள் நாகப்பட்டினம், வெள்ளிக்கிழமை.

அந்தக் கிழமையைப் பார்த்ததும் வருஷக்கணக்காக வாயே திறக்காத உறவுக்காரர்கள்கூட எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை கடலுக்குப் போவார்களா, வேறு நாளே கிடைக்கவில்லையா என்று ஒரே கேள்வி. கிடைக்கும். வாரத்தில் மற்ற ஆறு நாளும் எனக்குக் காலியாகத்தான் இருக்கின்றன. வெள்ளிக்கிழமைதான் வேண்டும் என்று நான் ஏன் அடம்பிடிக்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஆறாம் வகுப்பு முடித்த கோடை அது. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் இருந்தோம். வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். கோர்ட்டில் ஹெட்கிளார்க். பெரியம்மா காலமான பிறகு தன் ஒரே மகனோடு எங்களுடனேயே இருந்தார். அந்த மகனை நான் அண்ணா என்று கூப்பிடுவேன். அப்போது காலேஜில் சேரக் காத்துக்கொண்டிருந்தான். பிறகு அப்பா, அம்மா, நான். இவர்களோடு அத்தை. பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே தங்கை. முப்பத்துநாலு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஜாதகத்தில் ஏதோ என்பார்கள். அந்த ஏதோ என்னவென்று கடைசி வரை யாரும் சொன்னதில்லை.

அத்தைக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. இன்றைக்குப் பேரன் பேத்திகளுக்கு இதை விளக்குவதற்குள் நமக்கு மூச்சு வாங்கிவிடும். அந்தக் காலத்தில் வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இங்கே இருக்கும் ஆபரேட்டர் அந்த ஊர் ஆபரேட்டரைக் கூப்பிட்டு, இரண்டு பக்கமும் சேர்த்து வைப்பாள். அத்தை அதைத்தான் செய்தாள். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவேரிப் பாலம் தாண்டிப் போவாள், வருவாள். ஹெட்ஃபோன் அழுத்தி அழுத்தி ஒரு காது மட்டும் எப்போதும் சிவந்திருக்கும். அந்தக் காதுக்கு மேலே முடி படிந்து, எண்ணெய் வைத்துச் சீவினாலும் நிமிராது.

ஆபரேட்டர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், ஊர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அத்தை 'ட்ரிச்சி'. மறுமுனையில் இருப்பவர்கள் நாகை, தொண்டி, மண்டபம், தூத்துக்குடி. மத்தியானம் லைன் ஓய்ந்திருக்கும் நேரத்தில் இந்த ஊர்களெல்லாம் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். சாப்பிட்டாயா, மழையா, உங்கள் ஊரில் தக்காளி என்ன விலை என்று. முகம் தெரியாமல் வருஷக்கணக்கில் சிநேகிதம். அதில் அத்தைக்கு ரொம்ப நெருக்கம் நாகை. அத்தையைவிட நாலைந்து வயது சின்னவர் என்பதால், எனக்கு அவர் நாகை அக்கா.

ஒரு நாள் அத்தை வேலையிலிருந்து வந்தவள், வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே என்னைக் கூப்பிட்டாள். "கடலைக் கேட்டேன்டி" என்றாள்.

நாகை அக்கா, "நீங்க கடலே பாத்ததில்லையா ட்ரிச்சி? இருங்க, கேக்கவாவது வைக்கிறேன்" என்று சொல்லி, பேசும் கருவியை ஜன்னல் பக்கம் நீட்டிப் பிடித்தாராம். எப்படி இருந்தது என்று கேட்டேன். "தூங்கறவா மூச்சு விடற மாதிரி" என்றாள். அண்ணா சிரித்தான். "லைன் இரைச்சலா இருக்கும் அத்தை!" அத்தை அவனைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. அந்த எக்ஸ்சேஞ்சிலிருந்து கடற்கரை எவ்வளவு தூரம் என்று பல வருஷம் கழித்து நானே நடந்து பார்த்தேன். கேட்டிருக்க வழியே இல்லை. அதை நான் அத்தையிடம் சொல்லவில்லை.

அன்றைக்குப் பிடித்ததுதான். குடும்பத்தோடு வேனில் கடலோரமாகப் போய்வர ரூட் போட ஆரம்பித்துவிட்டாள். மளிகைக்கடைப் பழுப்புக் காகிதப் பைகளைப் பிரித்து, மைதாப் பசையால் ஒட்டி, கூடத்தின் நீளத்துக்கு ஒரு பட்டை தயாரானது. ஒட்டியது நான், பசை வாசனை இன்னும் விரலில் இருக்கிறது. அதில் நாகப்பட்டினத்திலிருந்து கன்னியாகுமரி வரை கருப்புப் பென்சிலில் சாலை, அதை ஒட்டியே நீலப் பென்சிலில் கடல். ஒவ்வொரு ஊருக்குப் பக்கத்திலும் அந்த ஊர் ஆபரேட்டர் சொன்ன சேதி. தொண்டியில் எந்தச் சத்திரத்துக் கிணற்றில் தண்ணீர் உப்புக் கரிக்காது. மண்டபத்தில் வேனை எந்த மரத்தடியில் விட்டுவிட்டு ராமேஸ்வரத்துக்கு ரயில் ஏறலாம் (அப்போது கடலுக்கு மேலே பாலம் ரயிலுக்கு மட்டும்தான்). தூத்துக்குடி உப்பளத்தை வெயில் ஏறுவதற்குள் கடந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கண் கூசும். இன்றைக்கு என் போனில் உள்ள வரைபடம் எல்லாம் காட்டுகிறது. எந்தக் கிணறு கரிக்காது என்பதை மட்டும் காட்டமாட்டேன் என்கிறது.

ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது அத்தை விஷயத்தை எடுத்தாள். தன் சேமிப்பிலிருந்து தானே செலவு செய்வதாகவும் சொன்னாள். பெரியப்பா சாத்துமதுச் சாதத்தை, அதாவது ரசம் சாதத்தை, பிசைந்துகொண்டே கேட்டார்.

"கடலைப் பாக்கறதுக்கா? கடல்ல என்ன இருக்கு? தண்ணி. நாம இருக்கறதே தீவு. சுத்திக் காவேரியும் கொள்ளிடமும் ஓடறது போறாதா?"

அது சித்திரை மாதம். காவேரியில் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அதை எடுத்துச் சொல்லவில்லை.

ஆனாலும் பெரியப்பா முழுசாக மறுக்கவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, சும்மா போவதுதான் தப்பு, யாத்திரையாகப் போகலாம் என்றார். சிவப்புப் பென்சில் ஒன்று எடுத்து வரச்சொன்னார். ஆழ்வார்கள் பாடிய பெருமாள் கோயில்கள் வழியில் எங்கெங்கே இருக்கின்றனவோ அங்கெல்லாம் ஒரு சுழி. திருக்கண்ணபுரம், திருப்புல்லாணி, அப்புறம் தாமிரபரணிக் கரையில் ஒன்பது கோயில்கள். ஒவ்வொரு சிவப்புச் சுழியும் கருப்புச் சாலையைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்நாட்டுக்கு இழுத்தது. கடைசியில் பார்த்தால் கடலோரப் பயணத்தில் கடல் மூன்றே இடத்தில்தான் மிச்சமிருந்தது: நாகப்பட்டினம், ராமேஸ்வரத்துச் சேது, கன்னியாகுமரி. அத்தை நாகப்பட்டினம் மிஞ்சியதே என்று நினைத்திருப்பாள். முதல் நாள் மாலை ஐந்து மணிக்கு, டியூட்டி முடிந்ததும் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்துக் கடற்கரைக்கு வருகிறேன் என்று நாகை அக்கா சொல்லியிருந்தார். குரலை மட்டுமே தெரிந்த இரண்டு பேர் முதல் தடவையாக முகம் பார்க்கப்போகிறார்கள். அது எனக்கும் அத்தைக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

கிளம்பும் நாளிலும் ஒரு திருத்தம் வந்தது. அத்தை சனிக்கிழமை என்று போட்டிருந்தாள். பெரியப்பா பஞ்சாங்கத்தைப் பிரித்து, "சனிக்கிழமை கிழக்கே சூலம், கிளம்பப்படாது. ஞாயித்துக்கிழமைன்னா லீவு போறாது. வெள்ளிக்கிழமை விடிகாலம்பற கிளம்பிடலாம்" என்றார். இந்த ஒரு நாள் மாற்றத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம். அதைப் போட்டது அத்தை இல்லை.

வேன் அத்தை பிடித்ததுதான். காந்தி மார்க்கெட்டில் தெரிந்தவர் மூலமாக, பாதி வாடகைக்கு. அவ்வளவு மலிவாக எப்படிக் கிடைத்தது என்று ஊரில் கேட்காத ஆள் இல்லை. காரணம் எனக்குத் தெரியும். அந்த வேன் மற்ற நாட்களில் நாகப்பட்டினத்திலிருந்து காந்தி மார்க்கெட்டுக்குக் கருவாடு ஏற்றி வருவது. டிரைவர் அதை மூன்று நாள் கழுவினார். அத்தை மஞ்சள் தண்ணீர் தெளித்தாள், எலுமிச்சைத் தோல் தேய்த்தாள், சாம்பிராணி போட்டாள், சீட்டுக்கடியில் வெட்டிவேரைத் திணித்தாள். வெள்ளிக்கிழமை விடிகாலையில் ஏறியபோது வேன் கல்யாண வீடு மாதிரி மணத்தது. தஞ்சாவூர் தாண்டி வெயில் ஏற ஏறத்தான் அடியில் இருந்தது மெல்ல மேலே வந்தது.

அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். "என்ன வாசனை இது?"

டிரைவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "சமுத்திரக் காத்துங்கம்மா. கிட்ட வந்துட்டோம்ல, அப்படித்தான் அடிக்கும்."

கடல் அங்கிருந்து எத்தனையோ மைல். பெரியப்பா ஜன்னல் வழியாகக் காற்றை ஆழமாக இழுத்து, "உடம்புக்கு நல்லது" என்றார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் அத்தை மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அத்தையின் வயிறு குலுங்கிக்கொண்டிருந்தது. பொய்க்கு அத்தை ஒன்றும் எதிரி இல்லை என்பதையும் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

திருக்கண்ணபுரத்தில் பெருமாளைச் சேவித்து, நடை சாத்திய பிறகு மண்டபத்து நிழலில் புளியோதரையும் தயிர்சாதமும் சாப்பிட்டோம். வாழையிலையில் கட்டிய புளியோதரை வெயிலில் ஒரு வாசனை பிடிக்குமே, அது. நாகப்பட்டினத்துக் கோயில் சாயங்காலம்தான் திறக்கும், அதுவரை கடற்கரையில் உட்காரலாம் என்று பெரியப்பா சொன்னார். மூன்றரை மணி இருக்கும், வேன் ஒரு திருப்பத்தில் திரும்பியது. எதிரில் கடல்.

நீலமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கரையோரத்தில் காப்பி நிறம், அப்புறம் சாம்பல், அதற்கும் அப்புறம்தான் நீலம். எங்கள் பட்டையில் போட்ட கோட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மணலில் வலைகள் காய்ந்தன, கட்டுமரங்கள் கிடந்தன. அம்மா காற்றை மோந்து பார்த்துவிட்டு, "டிரைவர் சொன்னது சரிதான், அதே வாசனைதான்" என்றாள். அத்தை மட்டும் வேனிலிருந்து இறங்கி இரண்டு அடி வைத்து நின்றவள் நின்றவள்தான். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்கவும் இல்லை.

பெரியப்பா எல்லோருக்கும் முன்னால் நடந்து போனார். அலை வந்து தொடும் ஈர மணலுக்குப் பத்தடி இந்தப் பக்கம் நின்று, கையிலிருந்த கருப்புக் குடையை மணலில் ஊன்றினார்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை. சமுத்திரத்தை யாரும் தொடப்படாது. சேதுல எந்த நாளும் தோஷமில்லை, அங்க ஸ்நானம் பண்ணிக்கலாம். குடைக்கு அந்தப் பக்கம் ஒருத்தரும் போகப்படாது."

அத்தை மெதுவாகத்தான் கேட்டாள். "கால் மட்டும் நனைச்சுக்கறேனே அண்ணா."

"பட்டா பட்டதுதான். சாயங்காலம் பெருமாளைச் சேவிக்கணும்."

சூலத்துக்குப் பயந்து சனிக்கிழமையை விட்டுவிட்டு, எங்களை நேராக வெள்ளிக்கிழமைக் கடலில் கொண்டு நிறுத்தியவர் அவர்தான். அது அவருக்கும் அப்போது உறைத்திருக்க வேண்டும். முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. குடைக்கு இந்தப் பக்கம் ஜமக்காளம் விரித்தோம். முறுக்கு டப்பா திறந்தது. பாட்டுக் கச்சேரிக்கு வந்தவர்கள் மாதிரி ஆறு பேரும் வரிசையாக உட்கார்ந்து கடலைப் பார்த்தோம். முறுக்கில் மணல் நறநறத்தது. அப்படி ஒரு மணி நேரம்.

பிறகு அத்தை எழுந்தாள். செருப்பைக் கழற்றி ஜமக்காளத்தின் ஓரத்தில் ஜோடியாக வைத்தாள். கைக்கடிகாரத்தை அவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்து, "நனையப்படாது, வெச்சுக்கோ" என்றாள். குடையைச் சுற்றிக்கொண்டெல்லாம் போகவில்லை. அதை ஒட்டியே நடந்து போனாள். புடவை உரசிக் குடை ஒரு தரம் ஆடியது. பெரியப்பா கண்ணை மூடி மூச்சுக்குள் ஏதோ பாசுரம் சேவித்துக்கொண்டிருந்தார். அப்பா பார்த்தார், பார்க்காத மாதிரி மணலைக் கிளறினார். அத்தை கணுக்கால் வரைக்கும் போனாள், முழங்கால் வரைக்கும் போனாள், இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். ஒரு அலை வந்தபோது கையைத் தூக்கிக்கொண்டு சத்தமாகச் சிரித்தாள். எங்கள் வீட்டில் அந்தச் சிரிப்பை யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. அதில்தான் பெரியப்பா கண்ணைத் திறந்தார்.

சொட்டச் சொட்ட அவள் திரும்பி வருவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது, பயணம் முடியப்போகிறது என்று. ராமேஸ்வரத்து ரயில், தூத்துக்குடி உப்பளம், கன்னியாகுமரி எல்லாம் போய்விடும். கடிகாரத்தைப் பாவாடை மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டு பெரியப்பாவிடம் ஓடினேன்.

"அலை வந்துடுத்து பெரியப்பா! பெரிய அலை! அத்தையை இழுத்துண்டு போயிடுத்து!"

பெரியப்பாவின் முகம் தளர்ந்தது. நிம்மதி என்றுதான் சொல்ல வேண்டும். "தானா வந்து பட்டா தோஷமில்லை" என்றார். அத்தையைப் பார்த்து, கெஞ்சுகிற மாதிரியான குரலில், "குழந்தை சொல்றாளே. அலைதானே வந்தது?" என்று கேட்டார்.

எல்லோரும் அத்தையைப் பார்த்தோம். பெரியப்பா முதுகுக்குப் பின்னாலிருந்து அண்ணா, 'ஆமாம் சொல்லு, ஆமாம் சொல்லு' என்று தலையை ஆட்டினான். அம்மா துண்டோடு நின்றாள். ஒரு தலையசைப்புப் போதும். அரை மணியில் நாகை அக்கா வந்துவிடுவார், நாளைக்குத் திருப்புல்லாணி, மறுநாள் சேது.

அத்தை என் பக்கம் கையை நீட்டினாள். "வாட்சைக் குடு."

எல்லோர் கண்ணெதிரிலும் மடிப்புக்குள்ளிருந்து அதை எடுத்துக் கொடுத்தேன். அவள் நிதானமாக மணிக்கட்டில் கட்டிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அலை வரல அண்ணா. நானாத்தான் போனேன்."

"நன்னா யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டுத்தான் போனேன்."

பெரியப்பா குடையைப் பிடுங்கினார். யாத்திரை முடிந்தது, ஆத்துக்குத் திரும்பலாம் என்றார். அத்தை ஒரு தரம் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தாக இருபது நிமிஷம். காத்திருக்கலாமா என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. ஈரப் புடவையோடு வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? காலையில் கருவாட்டு வேனுக்காக வயிறு குலுங்கச் சிரித்தவள்தானே இவள்? சமுத்திரக் காற்று என்றால் ஒத்துக்கொள்வாளாம், சமுத்திர அலை என்றால் மாட்டாளாம். எனக்காக ஒரே ஒரு பொய் சொன்னால் என்ன? கீழ்வேளூர் தாண்டியதும், சீட்டுக்கடியில் சுருட்டி வைத்திருந்த அந்தப் பழுப்புப் பட்டையை எடுத்து ஜன்னல் வழியாக வீசினேன். காற்றில் அது முழு நீளத்துக்கும் பிரிந்து, நீலமும் கருப்பும் சிவப்புமாக ரோட்டில் புரண்டது. அத்தை பார்த்தாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் இத்தனை வருஷத்தில் செய்த காரியங்களில் ஒன்றைத் திரும்பப் பெறலாம் என்றால் அதைத்தான் கேட்பேன்.

பிறகு வீட்டில் எது நடந்தாலும் அந்த வெள்ளிக்கிழமைதான் காரணம். அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் தாமதமாக வந்தது, அத்தை கடலைத் தொட்டதால். அண்ணாவுக்குக் கேட்ட காலேஜ் கிடைக்கவில்லை, அதனால்தான். அம்மாவுக்குப் பல்வலி, அதற்கும் அதுதான். ஐப்பசியில் அத்தையை நாகப்பட்டினத்துக்கு மாற்றிவிட்டார்கள். தண்டனை மாற்றல் என்றும், தெய்வக் குற்றம் சும்மா விடுமா என்றும் பெரியப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். நானும் நம்பினேன். அத்தை டிரங்குப் பெட்டியோடு கிளம்பிய அன்று, வழியனுப்ப வாசலுக்குக்கூட வராமல் கொல்லையில் உட்கார்ந்திருந்தேன்.

பெரியப்பாவைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் காலமான பிறகு பெட்டியைத் திறந்தபோது, அந்தப் பயணத்துக்காக வாங்கிய சின்ன வெள்ளிச் சிமிழ் கிடைத்தது. சேது மணல் எடுத்து வர வாங்கியது. காலியாக இருந்தது. அப்புறம் அவர் கடைசி வரை சேதுவைப் பார்க்கவில்லை. அத்தை தலையசைக்க வேண்டும் என்று எங்களில் யாரையும்விட அதிகமாக ஆசைப்பட்டவர் அவர்தானோ என்னவோ.

எனக்குக் கல்யாணமாகி, மகன் பிறந்து, அவனுக்கு மூன்று வயதானபோதுதான் நாகப்பட்டினத்துக்குப் போனேன். அத்தையும் நாகை அக்காவும் ஒரே வீட்டில் இருந்தார்கள். நாகை அக்கா மாதா கோயிலுக்குப் போகிறவர், மீன் இல்லாமல் சாப்பிடமாட்டார். அத்தை வெங்காயம்கூடச் சேர்க்காதவள். ஒரே சமையலறையில் எதிரெதிர் சுவரில் இரண்டு அடுப்பு. நடுவில் மேஜையில் சேர்ந்து சாப்பிடுவார்கள். பேச்சுவாக்கில் நான் தண்டனை மாற்றல் என்று சொல்லிவிட்டேன். நாகை அக்கா சிரித்த சிரிப்பில் என் மகன் பயந்துபோனான்.

"தண்டனையா? அவங்க கையால எழுதின அப்ளிகேஷன்ங்க அது! இங்கிலீஷ் வார்த்தையெல்லாம் நான்தான் லைன்லயே சொல்லிக் குடுத்தேன். அன்னிக்கு பீச்சுல ஆறரை மணி வரைக்கும் நின்னேன். வரல. மறுநாள் லைன்ல கூப்பிட்டு, 'உங்க ஊருக்கே வந்துடறேன் நாகை'ன்னாங்க."

அன்று சாயங்காலம் கடற்கரையில் அத்தையிடம் கேட்டேவிட்டேன். ஏன் தலையை ஆட்டவில்லை? வேன் விஷயத்தில் டிரைவர் பொய் சொன்னபோது சிரித்தாயே? அத்தை என் மகனின் கால்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அது வேனுக்காகச் சொன்னதுடி. இது அப்படியா? நனைஞ்சது என் கால். பேர் மட்டும் அலைக்கா?" என்றாள். அவ்வளவுதான். அவனைக் கூட்டிக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டாள். பட்டையை வீசியதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அலைச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. பிறகு நான் அந்த மன்னிப்பைக் கேட்கவே இல்லை. அவள் போய்ச் சில வருஷம் ஆகிறது.

நாகை அக்கா இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார். போன வாரம் போன் செய்து, மூன்று பேர் வருகிறோம், முதல் நாள் தங்க இடம் வேண்டும் என்றேன். "வா ட்ரிச்சி" என்றார். என்னைத்தான் அப்படிக் கூப்பிட்டார். என்ன கிழமை என்று கேட்டார், வெள்ளி என்றேன். "அப்போ அஞ்சு மணிக்கு பீச்சுக்கு வந்துடறேன். இந்தத் தடவையாவது நில்லுங்க" என்றார்.

நேற்று அண்ணா கூப்பிட்டான். எழுபதை நெருங்கிவிட்டவன், இன்னும் சித்திரை வீதியில்தான் இருக்கிறான். பெரியப்பாவின் பஞ்சாங்கமும் அந்தக் கருப்புக் குடையும் அவனிடம்தான் இருக்கின்றன; துணி மட்டும் இரண்டு தரம் மாற்றியிருக்கிறான்.

"ஏண்டி, வெள்ளிக்கிழமையாமே?"

"ஆமாம் அண்ணா."

"போறது போ. தள்ளி நின்னு பாத்துக்கோ. அப்படியே கால்ல பட்டுடுத்துன்னாலும், குரூப்ல கேட்டா அலை வந்துடுத்துன்னு போட்டுடு. நானும் ஆமாம்னு போட்டுடறேன்." கொஞ்சம் நிறுத்தினான். "அன்னிக்கு அத்தை மட்டும் தலையை ஆட்டியிருந்தா நாம எல்லாரும் சேது பாத்திருப்போம்."

ஐம்பது வருஷமாக அவனும் அதே மணலில்தான் உட்கார்ந்திருக்கிறான், பாவம்.

"அலை வராது அண்ணா. நானாத்தான் போவேன். குரூப்லயும் அப்படித்தான் போடுவேன்."

அந்தப் பக்கம் பஞ்சாங்கத்தை மூடி வைக்கும் சத்தம் கேட்டது.

"அந்தக் கார்ல இன்னொரு ஆளுக்கு இடம் இருக்கோ?"

"இருக்கு அண்ணா. நீ வந்தா பெட்ரோல் செலவும் நாலா பிரியும்" என்றேன். "ஆனா அந்தக் குடையை ஆத்துலயே வெச்சுட்டு வரணும்."